ஜன்னலோரக் கட்டில்

உக்காருங்க அக்கா, உக்காருங்க. துண்டை எடுத்துக்கிறேன். ஆள் வருதான்னா? ஒருத்தரும் வரல. நான் எப்பவும் ரெண்டு சீட்டுக்குத்தான் போடுறது. பஸ்சு ஸ்டாண்டுக்குள்ள திரும்புறப்பவே கூடவே ஓடி, ஜன்னல் வழியா துண்டு ஒரு சீட்டுல, கைப்பை ஒரு சீட்டுல. பெறகு நிதானமா ஏறி உக்காந்து, பக்கத்துல யாரு உக்காரணும்னு நான் முடிவு பண்ணுவேன். உங்க மூஞ்சியப் பாத்தேன், கூப்பிட்டேன். உங்களுக்கு முன்னாடி ஒருத்தி கேட்டாளே, மயில்கழுத்துக் கலர் சேலை, அவளுக்கு ஆள் வருதுன்னுட்டேன். அவ ஜாடை எங்க ஓரகத்தி ஜாடை. மதுரை வரைக்கும் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு யாரு வர்றது?

எனக்கு சாத்தூரு. மதுரையில இறங்கி மாறணும். தெனமும் விருதுநகருக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போயி வர்றவ நான். என் பேரு மாரீஸ்வரி. அந்த ரூட்டு கண்டக்டர்ககிட்டக் கேட்டுப் பாருங்க, மாரியக்கா துண்டு விழுந்த சீட்டுல ஒரு பய உக்கார மாட்டான்.

உங்களுக்குப் பிள்ளைக? மக பன்னெண்டாவது படிக்கிறாளா! அப்படின்னா நல்லாக் கேட்டுக்கங்க, அடுத்த வருசம் உங்களுக்கு உதவும். நான் எம்மகள ஹாஸ்டல்ல சேத்துட்டுத்தான் வர்றேன். இன்னைக்குத்தான். இஞ்சினியரிங். சும்மா சேத்துட்டு வரல அக்கா, ஜெயிச்சுட்டு வர்றேன். பத்து பன்னெண்டு வருசமா மனசுக்குள்ள கருவிக்கிட்டுக் கெடந்தது, இன்னைக்குத் தீத்துட்டு வர்றேன்.

மொதல்ல சாமான். கடைசி வாரம் வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க, எல்லாரும் வந்து விழுந்து நல்லதெல்லாம் போயிரும். நான் அட்மிசன் போட்ட மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். வாளி, கோப்பை, கொடிக்கயிறு, கிளிப்பு, கதவுக்குப் பின்னாடி மாட்டுற கொக்கி, ஜங்ஷன் பாக்ஸ், அந்துருண்டை. மெத்தைக்கு அடியில விரிக்க ஒரு பழைய நூல் சேலை, அது இல்லைன்னா ஹாஸ்டல் கட்டில்ல மூட்டைப்பூச்சி ஏறிரும். பூட்டு நல்லதா ஒன்னு. சாவி மூணு வரும். ஒன்னு அவ கழுத்துச் செயின்ல, ஒன்னு அவ பைக்குள்ள, ஒன்னு என்கிட்ட. இந்தா, பாருங்க. சிரிக்காதீங்க, பிள்ளை தொலச்சுட்டு நின்னா என்ன செய்வீங்க? சாத்தூர்ல இருந்து கோயமுத்தூருக்கு எப்படிக் கொண்டு போவேன்னா, அதெல்லாம் போவேன்.

துணியில எல்லாம் பேரு தைக்கணும். பாவாடை நாடாப்பட்டியில இருந்து கைக்குட்டை வரைக்கும் செவப்பு நூல்ல நானே உக்காந்து தச்சேன். வாளிக்கு அடியில நகப்பாலீசுல எழுதினேன். எம்மக கேட்டா, “எதுக்கும்மா இப்படி, நான் என்ன ஒன்னாப்பா போறேன்?”ன்னு. அவளுக்கு என்ன தெரியும், அவ யாரோட ஒரே ரூம்ல இருக்கப் போறான்னு எனக்கில்ல தெரியும்.

அதுதான் விசயமே. எங்க ஓரகத்தி விஜயராணி மகளும் அதே காலேஜு. அக்ஷயான்னு பேரு. என் ரஞ்சனிக்கும் அவளுக்கும் ஒரே வயசு, மூணு மாசம் அவ மூத்தவ. கவுன்சிலிங்ல அம்புட்டுக் காலேஜு இருக்க, ரெண்டும் அதே காலேஜ்ல போயி விழுந்துச்சுக. சரி, விதின்னு விட்டா, ஹாஸ்டல் லிஸ்டு போன்ல வருது, மூணு பேர் ரூம்ல ரெண்டு பேரும் ஒன்னா! எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. இது விஜயராணி வேலைதான்னு அடிச்சுச் சொன்னேன். என் வீட்டுக்காரரு, “அது கம்ப்யூட்டர் போடுறதுடி”ன்னாரு. கம்ப்யூட்டருக்கு என்ன அம்புட்டு அக்கறை?

அவளுக்கும் எனக்கும் என்ன பகைன்னு கேக்குறீங்களா? சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் கல்யாணமாகிப் போன வீட்டுல ரூமு ரெண்டே ரெண்டு. தெருப்பக்கத்து ரூமுக்குப் பெரிய ஜன்னல், வேப்பங்காத்து சிலுசிலுன்னு வரும். பின்கட்டு ரூமுக்கு ஜன்னலே கெடையாது, சுவத்துக்கு அங்கிட்டு கக்கூசு. அவ புருசன், எங்க மூத்தாரு, மொதல்ல கல்யாணம் பண்ணுனவரு, ஜன்னல் ரூம் அவுகளுக்கு. எனக்குக் கக்கூஸ் பக்கம். யாரு தண்ணி ஊத்துனாலும் என் தலைமாட்டுல ஊத்துற மாதிரியே கேக்கும். அந்த ரூம்லதான் பிள்ளை பெத்துட்டு வந்து படுத்தேன் நான். பச்ச ஒடம்பு, சித்திரை வெக்கை, பிள்ளை மேலெல்லாம் வேக்குரு. அங்க அவ ஜன்னலத் தெறந்து வச்சுக்கிட்டு மகளுக்குத் தாலாட்டுப் படிக்கிறா!

ஒரு வார்த்தை கேட்டாளான்னா, கேட்டா. எப்படிக் கேட்டாங்கிறதச் சொல்றேன். கதவோரத்துல நின்னுக்கிட்டு, “வேணும்னா ரூம மாத்திக்கலாம் மாரி, பிள்ளைக்குக் காத்து வேணும்ல”ங்குறா. வேணும்னாவாம்! குடுக்குற மனசு இருக்கறவ “வேணும்னா”ன்னு கேப்பாளா? பெட்டியத் தூக்கிட்டுல வந்து நிக்கணும்? “ஒன்னும் வேணாம், எம்பிள்ளை இங்கயே வளரும்”னுட்டேன். இன்னும் ரெண்டு மூணு தடவை வந்து கேட்டா. என்னயக் கெஞ்ச வைக்கணும்னே கேட்டா. நான் மசியவே இல்ல.

பிள்ளைக்கு ஒரு வயசு முடிஞ்சதும் கடை வேலைக்குப் போயிட்டேன். இவரு அப்ப மில்லுல ராத்திரி சிப்டு, பகல்ல வீட்டுல இருப்பாரு, பிள்ளைய அவரு பாத்துக்கிருவாரு. போறப்பத் தெனமும் அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிட்டுப் போவேன், “பிள்ளை அந்த ரூம் வாசப்படிய மிதிக்கக் கூடாது.” அந்த வைராக்கியம் எனக்கு.

அப்படி இருக்கறப்ப ஒரு நாள், ரஞ்சனி ஒன்னாப்பு படிக்கிறா, கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். பாத்தா, எம்பிள்ளை கால் கொலுசு ஒத்தை அவ கட்டிலுக்கு அடியில கெடக்கு. எம்பிள்ளை கொலுசு, எங்கம்மா போட்டது! கழட்டிக் கொண்டு போயி அவ மகளுக்குப் போட்டு அழகு பாத்திருக்கா அக்கா. கேட்டேன். தெருவே கூடுற மாதிரிக் கேட்டேன். வாயத் தெறந்து ஒரு பதில் சொல்லல. தப்பு பண்ணலைன்னா பதில் சொல்ல வேண்டியதுதானே? தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. இவரும் அங்கனதான் நிக்காரு, கோட்டான் மாதிரி முழிச்சுக்கிட்டு. அன்னைக்கே சட்டி பெட்டியத் தூக்கிட்டு வாடகை வீட்டுக்கு வந்துட்டேன். அன்னையில இருந்து அவளோட ஒரு பேச்சு கெடையாது. நல்லது கெட்டதுல பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிருவேன். ஏதாச்சும் சொல்லணும்னா இவருகிட்டச் சொல்லி, இவரு அவுக அண்ணன்கிட்டச் சொல்லி, அப்படித்தான்.

இப்ப சொல்லுங்க, அந்த மகராசி மகளும் எம்மகளும் ஒரே ரூம்ல. எனக்கு எப்படி இருக்கும்?

மொதல்ல எரிஞ்சுச்சு. பெறகு ஒரு நாள் கடையில சேலை மடிச்சுக்கிட்டு இருக்கறப்ப பளிச்சுன்னு தோணுச்சு. கூட வேலை பாக்குறவ மக அதே காலேஜ்ல சீனியரு. அவகிட்டப் போன் போட்டு விசாரிச்சேன். ரூமுக்குள்ளயே பாத்ரூமாம். மூணு கட்டிலாம். ஒன்னு ஜன்னலோரம், ஒன்னு நடுவுல, ஒன்னு பாத்ரூம் கதவ ஒட்டி. யாருக்கு எந்தக் கட்டில்னு எழுதி ஒட்டல்லாம் மாட்டாகளாம். மொதல்ல வர்றவுக எடுத்துக்க வேண்டியதுதானாம்.

கேட்டதும் சிரிச்சுட்டேன் அக்கா. சாமி கண்ணத் தெறந்துருச்சுன்னு சிரிச்சேன். விஜயராணி, உம்மகளக் கொண்டு போயி அந்தக் கக்கூஸ் பக்கம் போடலைன்னா நான் மாரீஸ்வரி இல்லைடின்னு அன்னைக்கே கங்கணம் கட்டிட்டேன். அவ மக படுத்து எந்திரிக்கிறப்பல்லாம் அவளுக்கு என் நெனப்பு வரணும்.

மூத்தாரு வேன் பிடிச்சாரு, ரெண்டு குடும்பமும் ஒன்னாப் போயிரலாம்னு. இவரு பல்லக் காட்டிக்கிட்டு வந்து சொல்றாரு. “நீங்களும் மகளும் போங்க. சாமான நான் முன்னாடி கொண்டு போறேன்”னேன். எதுக்குன்னாரு. “வேன்ல எடம் பத்தாது”ன்னேன். மெத்தை, வாளி, டிரங்குப்பெட்டி அம்புட்டையும் தூக்கிக்கிட்டு நேத்தே பஸ்சு ஏறிட்டேன். சிங்காநல்லூர்ல எங்க சித்தி மக வீடு இருக்கு, அங்க தங்கிட்டு, இன்னைக்குக் காலையில காக்கா கத்துறதுக்கு முன்னாடி ஹாஸ்டல் கேட்டுல நான். வாட்ச்மேன் கேக்குறாரு, “பிள்ளை எங்கம்மா?”ன்னு. “பிள்ளை வருது, கேட்டத் தொறங்க”ன்னேன்.

கேட்டத் தொறந்ததும் பாக்கணுமே! நாலஞ்சு அப்பாமாருக மெத்தையத் தலையில வச்சுக்கிட்டு ஓடுறாக. நான் விடுவனா? மாடிப்படியில அம்புட்டுப் பேரையும் முந்தி, ரூமுக்குள்ள போயி, ஜன்னலோரக் கட்டில்ல போட்டேன் பாருங்க, துண்டை. இதே துண்டுதான். பெறகு மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்து பாத்தேன். நல்ல ஜன்னலு. வெளிய ஒரு வாகை மரம். மெத்தைய விரிச்சு, மேல புதுப் போர்வை, தலகாணி, தலமாட்டுல மாரியாத்தா படம். கோயில் மாதிரி ஆக்கிட்டேன்.

அத்தோட விட்டா என் திட்டம் முடியாதுல்ல. நடுக்கட்டில் ஒன்னு இருக்கே. விஜயராணி மொதல்ல வந்துட்டா அத எடுத்துக்கிருவாள்ல. அதுனால என் பெட்டி, வாளி அம்புட்டையும் நடுக்கட்டில்ல ஏத்தி வச்சேன். கொஞ்ச நேரத்துல குன்னூர்ப் பொண்ணு ஒன்னு, அதுதான் மூணாவது பிள்ளை, அவுக அம்மாவோட வந்துச்சு. பாவம், ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு வேர்த்து வடியுதுக. “வாங்கம்மா, உங்களுக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்”னு நடுக்கட்டில எடுத்துக் குடுத்தேன். அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, “நீங்க நல்லா இருக்கணும்”னு சொல்லுச்சு. நல்லாத்தான் இருந்தேன். மிச்சம் ஒரு கட்டிலு. பாத்ரூம் கதவு தெறந்தா கால்ல இடிக்கும், அந்தக் கட்டிலு. காரை பேந்து, ஈர வாடை வேற. நான் நாற்காலியப் போட்டு வாசலப் பாத்து உக்காந்துட்டேன். அவ மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணும்ல.

வந்தா. மொத ஆளா அவதான் படியேறி வந்தா, பின்னாடி மூத்தாரு சாமானோட. வாசல்ல நின்னு ஜன்னல் பக்கம் பாத்தா. நடுவுல பாத்தா. அந்தக் கட்டிலப் பாத்தா. பெறகு என்னயப் பாத்தா. மூஞ்சி சுண்டிப் போச்சு அக்கா! ஒரு நிமிசம்தான், ஆனா நான் பாத்துட்டேன். பாத்துட்டேன்ல! அந்த ஒரு நிமிசத்துக்காக எத்தனை வருசம் காத்துக் கெடந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு.

இப்ப அழுவா, இல்ல சண்டைக்கு வருவா, வந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கலாம்னு எல்லாம் ரெடியா வச்சிருக்கேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, பாத்ரூம்ல தண்ணி பிடிச்சாந்து, அந்தக் கட்டிலத் தொடைக்க ஆரம்பிச்சுட்டா. தொடைச்சு முடிச்சு, ஜன்னல் திண்டுல புறா எச்சமா இருந்துச்சு, நான் கவனிக்கல, அதையும் வந்து தொடைக்கிறா. எம்மக கட்டில் பக்கத்துல வந்து! எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அடிச்சாக் கூடத் தாங்கிக்கிருவேன், இந்த மாதிரி நல்லவளா நடிக்கிறத என்னால சகிக்க முடியாது.

அப்பத்தான் பிள்ளைக வந்துச்சுக. ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு வருதுக. இவரு பின்னாடி. ரஞ்சனி வந்து நின்னு பாத்தா. என்னயப் பாத்துச் சிரிப்பா, “எம்மா, சூப்பர் எடம்மா”ம்பான்னு நெனச்சேன். “அக்ஷயா பையி ஏன்மா அங்கிட்டு இருக்கு?”ங்குறா. “அதுதான் மிச்சம் இருந்துச்சு. லேட்டா வந்தா அப்படித்தான்”னேன். நேராப் போனா. மாரியாத்தா படத்தை எடுத்து நடுவுல இருந்த மேசையில வச்சா. மெத்தையச் சுருட்டுறா!

“ஏய், கைய வைக்காத! எதுக்கு விடியாமக் கேட்டுல வந்து நின்னேன்?”னு மெத்தையப் பிடிச்சுட்டேன். அவ அங்கிட்டு இழுக்கா, நான் இங்கிட்டு இழுக்கேன். குன்னூர்க்காரி வாயத் தெறந்துக்கிட்டுப் பாக்குறா. எனக்கு அடக்க முடியல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். “ஒன்னய பெத்துட்டு நான் கக்கூஸ் பக்கத்துல கெடந்தேன்டி! ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒன்னய அந்த ஜன்னல் காத்துல படுக்க விட்டிருப்பாளா இவ? கேளு, இப்பக் கேளு, ஒம்பெரியம்மாவ!”

விஜயராணி, “வேணாம் ரஞ்சனி, சொல்லாத”ன்னா. அதுதான் அவ சொன்ன மொத வார்த்தை.

எம்மக மெத்தைய விட்டுட்டா. “நான் அங்கதான்மா படுத்தேன்”னா.

எங்கடின்னேன்.

“ஜன்னல் ரூம்லதான். தெனமும் அங்கதான் இருப்பேன். ஜன்னலோரம் நானு, நடுவுல அக்ஷயா, இந்த ஓரம் பெரியம்மா. அப்பா தூங்கிருவாரும்மா. பெரியம்மாதான் எனக்குச் சோறு ஊட்டுவாக. நீ வர்ற பஸ்சு நேரமானதும் என்னயத் தூக்கிக் கொண்டு போயி நம்ம ரூம்ல படுக்க வச்சிருவாக. தெரிஞ்சா நீ சண்டை போடுவன்னு.”

இவரத் திரும்பிப் பாத்தேன். மேல ஃபேனப் பாத்துக்கிட்டு நிக்காரு. “ராத்திரி பூரா மில்லுல நின்னுட்டு வந்தவன் தூங்காம என்னடி செய்வேன்?”ங்குறாரு. இத்தனை வருசம்! இத்தனை வருசமா இவரு எங்கூட ஒரே வீட்டுல, ஒரே தட்டுல தின்னுக்கிட்டு, அம்புட்டுப் பேரும் கூட்டுச் சேந்து எனக்குத் தெரியாம மறச்சிருக்காக. மூத்தாருக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், பால் மணம் மாறாத பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கொலுசு கெடந்த அன்னைக்கு இவரு வாயத் தெறந்தாரா?

நீங்க என்ன சொல்றீங்க? நல்லதுதானே செஞ்சாகளா? என்னக்கா, நீங்களும் அவ கட்சியா? நான் வேகாத வெயில்ல கடை வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கேன், அவ எம்பிள்ளையக் காத்துல படுக்க வச்சுத் தாலாட்டுப் படிச்சிருக்கா. எனக்கு ரூமக் குடுக்கல, எம்பிள்ளைய எடுத்துக்கிட்டா. இது திருட்டு இல்லையா? காசு திருடுனாத்தான் திருட்டா? நான் அழுதேன். இல்லைன்னு சொல்லல, அழுதேன். கோவத்துல வந்த அழுகை அது.

ரஞ்சனி அக்ஷயா மெத்தைய ஜன்னலோரம் விரிச்சுட்டா. தன் மெத்தைய பாத்ரூம் பக்கம் போட்டுக்கிட்டா. புதுப் போர்வை அந்தக் கட்டில்ல கெடக்குறதப் பாக்க எனக்குச் சகிக்கல. அக்ஷயா, “சித்தி, வாரத்துக்கு ஒருத்தரா மாத்திப் படுத்துக்கிறோம் சித்தி”ன்னா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

அப்ப என்னத்த ஜெயிச்சன்னு கேக்குறீங்க. மூஞ்சி சுண்டுச்சுல்ல, அது எனக்குப் போதும்.

பெறகு என்ன, கொடிக்கயிறு கட்டினேன், கொக்கி மாட்டினேன், அலமாரியில அந்துருண்டை போட்டேன். மத்தியானம் வார்டன் அம்மா வந்தாக. நல்ல பழக்கம் ஒன்னு வச்சிருக்காக அங்க. மொத நாளு ராத்திரி பிள்ளைக அழும்ங்கிறதுனால, ரூமுக்கு ஒரு அம்மா தங்கிக்கலாம். நீங்களும் விசாரிச்சு வச்சுக்கங்க. ஒரே ஒரு ஆளுதான், யாருன்னு பிள்ளைகதான் சொல்லணும். குன்னூர் அம்மாவுக்கு வீட்டுல மாமியா படுத்த படுக்கை, போயே ஆகணும்னுட்டாக. அப்ப மிச்சம் நானும் அவளும். நான் மாத்துச்சேலை, பல்பொடி எல்லாம் கொண்டு போயிருந்தேன். எம்மக மேல கோவம்தான், அதுக்காக? மொத ராத்திரி தனியா விட முடியுமா?

வார்டன் அம்மா கேட்டாக, “யாரு தங்குறீங்க?”ன்னு. நான் எந்திரிச்சேன்.

ரஞ்சனி என் பக்கமே திரும்பல. “பெரியம்மா இருப்பாக மேடம். எங்கம்மாவுக்கு நாளைக்குக் கடை இருக்கு”ன்னா.

எனக்கு நாளைக்கு லீவு அக்கா. சொல்லிட்டுத்தான் வந்தேன். அவளுக்கும் தெரியும். நான் லீவு கேட்டு ஓனர்கிட்டப் பேசுறப்ப அவ பக்கத்துலதான் இருந்தா.

“ஆமா மேடம், கடை இருக்கு”ன்னேன். வேற என்ன சொல்ல? அவ முன்னாடி எம்மக என்னய வேணாம்னு சொல்லிட்டான்னு ஆகலாமா? பையத் தூக்கிட்டு வந்துட்டேன். வேன்ல வான்னு இவரு பின்னாடியே வந்தாரு. அந்த வேன்ல எவ ஏறுவா? ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வீட்டுக்கு வரட்டும் இவரு, இருக்கு அவருக்கு. அவளுக்கும் இருக்கு. தீபாவளி லீவுக்கு எம்மகளக் கூப்பிட நான்தான் வருவேன், அவுக வேன் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். மகராசி வெறும் ரூமப் பாத்துட்டுப் போகட்டும்.

இருங்க, போன் அடிக்குது. இந்தா, ரஞ்சனிதான். பாத்தீங்களா, அம்மாவத் தேடிருச்சு!

ஹலோ, சொல்லுத்தா. ஏறிட்டேன். பல்லடம் தாண்டியாச்சு. என்ன, கேக்கல... யாரு? விஜயராணியா?

ம்.

ம். சீட்டு கெடச்சுச்சு. அவ எங்க, அவ போன வச்சுக்கிட்டு நீ பேசுற? குளிக்கவா? இந்நேரத்துல என்ன குளியலு? தலைய நல்லாத் தொவட்டச் சொல்லு. சளி பிடிச்சா மூணு வாரம் விடாது அவளுக்கு. தெரியுமா. சரி. ஃபேனுக்கு நேரா தலைய வச்சுப் படுக்க விடாத. அதுவும் தெரியுமா. வெறும் பாலு குடிக்க மாட்டா, நாட்டுச்சக்கரை டப்பா ஒன்னு சேவுப் பொட்டலத்துக்கு அடியில வச்சிருக்கேன். ஏற்கனவே எடுத்துக் குடுத்துட்டியா. கத்திரிக்கா தின்னா நாக்குத் தடிச்சுப் போகும். ஆமா. அதுவும் தெரியுமாக்கும். எல்லாந்தான் தெரியுது உனக்கு.

தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து பேசுவாளே, அது தெரியுமா? ஆங்? என்னது? தெரியாதா?

தெரியாதுல்ல! எப்படித் தெரியும்? பகல்லதானே நீ வச்சிருந்த. ராத்திரிக்கு எங்கூடத்தான படுத்தா. புது எடம்னா கட்டாயம் வரும். கண்ணு தெறந்துதான் இருக்கும், ஆனா முழிப்பு இருக்காது. எழுப்பிறாத, பயந்துருவா. வெளக்கையும் போடாத. பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்க. “இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்”னு மெதுவாச் சொல்லு. அவ “எம்மா”ன்னு கேப்பா. “ம்”னு சொல்லு. சொல்லணும், இல்லைன்னா மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டே இருப்பா. “ம்”னதும் தானாச் சாஞ்சு தூங்கிருவா. காலையில அவளுக்கு ஒன்னும் நெனப்பு இருக்காது. சரி, வையி.

பாத்தீங்களா? தெரியலக்கா அவளுக்கு. முழிச்சா பாருங்க, போன்லயே தெரிஞ்சுச்சு. எல்லாம் தெரியும் எல்லாம் தெரியும்னா, இது தெரியலையே! இல்ல, நான் அவகிட்டப் பேசல. விவரம் சொன்னேன், அது பேச்சுல சேராது.

ஆனா ஒன்னே ஒன்னுதான் அக்கா இருந்துச்சு, எனக்கு மட்டும் தெரிஞ்சதுன்னு. அதையும் அவகிட்டச் சொல்லிக் குடுத்துட்டேன்.